கிறிம் சகோதரரின் கதைத்தொகுதி: பதிப்பு வரலாறும் வர்க்கச் சார்பும்

நாட்டார் கதைகளை ஆதாரமாகக் கொண்டு சமூக வரலாற்றை ஆராய முற்படுவோர் எதிர்நோக்கும் முதற் பிரச்சினை, தம்முன் உள்ள பாடம் யாருடையது என்பதாகும். வாய்மொழியாக வழங்கிய கதை அச்சேறும்பொழுது அதனைச் சொன்னவர், கேட்டு எழுதியவர், திருத்தியவர், அச்சிட்டவர், விலைகொடுத்து வாங்கியவர் ஆகிய அனைவரது கைகளும் அதன்மீது படிந்துவிடுகின்றன. எவரது கை எவ்விடத்திற் படிந்தது என்பதைப் பிரித்தறியாமல், அச்சிலே கிடைக்கும் கதையை அப்படியே மக்களின் குரலாகக் கொள்வது ஆய்வைத் தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். இவ்விடயத்தில் மார்க்சிய ஆய்வாளரும் விதிவிலக்கானவர் அல்லர்.

ஜேர்மனியிலே யாக்கோப் கிறிம், வில்ஹெல்ம் கிறிம் என்னும் சகோதரர் இருவர் வெளியிட்ட ‘சிறுவர்க்கும் இல்லத்துக்குமான கதைகள்’ என்ற தொகுதி இப்பிரச்சினைக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இன்று 160க்கு மேற்பட்ட மொழிகளில் வழங்கும் இத்தொகுதியின் கதைகள், நிலமானியச் சமுதாயக் குடியானவனின் உலகநோக்கை விளக்கும் சான்றுகளாக அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. அவ்வாறு எடுத்தாள்வோர் பெரும்பாலும் பயன்படுத்துவது 1857ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்புப் பாடமாகும். முதற்பதிப்பு வெளிவரத் தொடங்கிய 1812ஆம் ஆண்டுக்கும் இதற்கும் இடையே 45 ஆண்டுகள் கழிந்துள்ளன. அவ்விடைக்காலத்தில் அக்கதைகளுக்கு நேர்ந்தது யாது, அது ஏன் நேர்ந்தது என்பவற்றைச் சமூகப் பகைப்புலத்தில் வைத்து நோக்குவதே எமது நோக்கமாகும்.

1. தொகுப்பு முயற்சியின் பகைப்புலம்

யாக்கோப் 1785ஆம் ஆண்டிலும் வில்ஹெல்ம் 1786ஆம் ஆண்டிலும் ஹனாவ் என்னும் ஊரிலே பிறந்தவர்கள். சட்டம் பயின்று அரச உத்தியோகம் பார்த்த அவர்களது தந்தையார் 1796இல் இறந்தபின் குடும்பம் நொடித்தது. சகோதரர் இருவரும் மார்புர்க் பல்கலைக்கழகத்திலே சட்டம் பயின்றனர். கல்வியைத் தவிர வேறு சொத்தற்ற உத்தியோக மத்தியதர வர்க்கமே அவர்களது வர்க்கம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவர்கள் கதை சேகரிக்கத் தொடங்கிய காலம் ஜேர்மன் வரலாற்றிலே நெருக்கடி மிகுந்ததாகும். 1806இல் புனித உரோமப் பேரரசு மறைந்தது. 1807இல் நெப்போலியனின் தம்பி ஜெறோம், புதிதாக அமைக்கப்பட்ட வெஸ்ற்பாலிய இராச்சியத்தின் அரசனாகக் கஸெல் நகரிலிருந்து ஆளத் தொடங்கினான். பிரெஞ்சு ஆட்சியை உள்ளூர வெறுத்த யாக்கோப், வயிற்றுப்பாட்டின் பொருட்டு 1808 முதல் அவ்வரசனின் நூலகராகவே கடமையாற்ற வேண்டியிருந்தது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் வளர்ந்தது போன்ற ஒன்றுபட்ட சந்தையோ பலம்வாய்ந்த முதலாளி வர்க்கமோ அக்கால ஜேர்மனியில் இருக்கவில்லை. சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்த அந்நாட்டிலே தேசியம் என்பது அரசியலில் உருப்பெறுவதற்கு முன்னர் மொழியிலும் பாடலிலும் கதையிலும் தேடப்படலாயிற்று. ஆர்னிம், பிறென்ரானோ ஆகிய இரு எழுத்தாளர்கள் 1805 முதல் 1808 வரை வெளியிட்ட நாட்டார் பாடற்றொகுதி இத்தேடலின் விளைவாகும்.

கிறிம் சகோதரர் முதலிற் கதைகளைத் திரட்டியதும் பிறென்ரானோவுக்கு உதவுவதற்காகவே. 1810இல் தமது கையெழுத்துப் பிரதியை அவருக்கு அனுப்பிய அவர்கள், முன்னெச்சரிக்கையாக ஒரு படியையும் தம்மிடம் வைத்துக்கொண்டனர். பிறென்ரானோ அதனைப் பயன்படுத்தவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை. அவரிடம் தங்கிய பிரதி பிற்காலத்தில் அல்சாஸ் பிரதேசத்து ஓலன்பேர்க் மடாலயத்திலே கிடைத்தது. ஹைன்ஸ் றொலெக்கே என்னும் ஆய்வாளர் 1975இல் அதனை முதற்பதிப்புடன் ஒப்பிட்டு வெளியிட்டார். சில கதைகள் ஒருசில வரிகளிலமைந்த வெறும் குறிப்புகளாகவே அப்பிரதியிற் காணப்படுகின்றன. அச்சில் வந்த கதையின் சரளமான நடை எங்கிருந்து வந்தது என்ற வினா அங்கேயே எழுகின்றது.

2. கதை சொன்னோர்

சகோதரர் இருவரும் ஊரூராக அலைந்து குடியானவரின் அடுப்படியில் இருந்து கதை கேட்டனர் என்னும் கற்பிதம் நெடுங்காலம் நிலவியது. டோறோத்தியா வீமன் என்ற மூதாட்டியின் இல்லத்திலே அவர்கள் அமர்ந்து கதை கேட்பதாகக் கற்சன்ஸ்ரைன் என்னும் ஓவியர் தீட்டிய ஓவியம் இக்கற்பிதத்தைப் பரப்பிற்று. உண்மையில் கதை சொல்வோரே கஸெல் நகரில் இருந்த சகோதரரின் வீட்டுக்கு வந்தனர்.

வந்தவர்கள் யார்? தொடக்க காலத்திற் கதை சொன்னோருட் பெரும்பாலார் படித்த நகர மத்தியதர வர்க்கத்து இளம்பெண்களாவர். மருந்தகம் நடத்திய வில்ட் குடும்பத்தின் பெண்கள் ஒருசாரார். உயர் உத்தியோகக் குடும்பமாகிய ஹஸன்புளுக் வீட்டுச் சகோதரிகள் மற்றொரு சாரார். ஹஸன்புளுக் குடும்பம் தாய்வழியிற் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்த அகதிகளின் மரபைச் சேர்ந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் பெறோ 1697இல் அச்சிட்ட கதைகள் அவ்வீட்டிலே தெரிந்தவையாக இருந்ததில் வியப்பில்லை. செந்தொப்பிச் சிறுமியின் கதையும் நூறாண்டு துயின்ற இளவரசியின் கதையும் கிறிம் தொகுதிக்கு இவ்வீட்டிலிருந்தே கிடைத்தன. ஜேர்மன் தேசிய ஆன்மாவின் வெளிப்பாடுகள் எனப் போற்றப்பட்டவை பிரெஞ்சு அரசவைக் காலத்து இலக்கியத்துடன் உறவு பூண்டவையாக இருந்தமை வரலாற்றின் முரண்நகையாகும்.

இவ்வுண்மை மறைந்துகிடந்த விதமும் கவனத்துக்குரியது. வில்ஹெல்மின் கைப்பிரதியிற் பல கதைகளின் ஓரத்திலே ‘மரி’ என்ற பெயர் குறிக்கப்பட்டுள்ளது. வில்ஹெல்மின் மகன் ஹேர்மன் கிறிம், இது வில்ட் வீட்டில் வேலைசெய்த மரி என்னும் முதிய பணிப்பெண்ணைக் குறிக்கும் என எழுதினார். அம்மூதாட்டி பல தசாப்தங்கள் ஜேர்மன் மக்கட் பண்பாட்டின் காவலராக விளங்கினார். ஆயின் அப்பெயர் மரி ஹஸன்புளுக் என்னும் இளம்பெண்ணையே குறிக்கின்றது என்பதை 1975இல் றொலெக்கே நிறுவினார்.

இதனால் உழைக்கும் மக்கள் இத்தொகுதிக்கு எதுவும் அளிக்கவில்லை என்று கொள்ளலாகாது. கிறவுஸ என்னும் ஓய்வுபெற்ற குதிரைப்படை வீரன், பழைய காற்சட்டைகளைப் பெற்றுக்கொண்டு கதைகளைக் கொடுத்தான். அம்முதிய சிப்பாய்க்குக் கதை ஒரு பண்டமாகவும், படித்த குடும்பத்துக்கு அது தேசியச் செல்வமாகவும் இருந்த நிலையை இப்பரிவர்த்தனை தெளிவாகக் காட்டுகின்றது. முன்னர் குறிப்பிட்ட டோறோத்தியா வீமன் 40க்கு மேற்பட்ட கதைகளை வழங்கினார். கஸெலுக்கு அண்மையிலுள்ள ஊரிலிருந்து விளைபொருள் விற்க நகருக்கு வந்துபோன அவர், விடுதிக்காரர் ஒருவரின் மகள்; தையற்காரர் ஒருவரின் மனைவி. தந்தைவழியில் அவரும் பிரெஞ்சு அகதி மரபினர். இரண்டாந் தொகுதியின் முன்னுரையோ அவரைத் தூய ஹெஸ்ஸன் குடியானவப் பெண்ணாகச் சித்திரித்தது. அவர் 1815இல் இறந்தார். நான்கு ஆண்டுகளின்பின் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலே அவரது உருவப்படம் முகப்புச் சித்திரமாக இடம்பெற்றது. படத்திலே அவர் இருந்தார். பதிப்புரிமையிலும் வருவாயிலும் அவருக்கு இடமிருக்கவில்லை.

3. முதற்பதிப்பும் அதன் வரவேற்பும்

ஆர்னிமின் முயற்சியாற் பேர்லின் நகரப் பதிப்பாளர் றைமர் இத்தொகுதியை வெளியிட முன்வந்தார். 86 கதைகளைக் கொண்ட முதலாந் தொகுதி 1812 டிசெம்பரில் 900 பிரதிகளாக வெளிவந்தது. 70 கதைகளைக் கொண்ட இரண்டாந் தொகுதி 1815ஆம் ஆண்டுக்குரியது. படங்கள் இருக்கவில்லை. மாறாக, ஒவ்வொரு கதைக்கும் ஆராய்ச்சிக் குறிப்புகள் சேர்க்கப்பட்டிருந்தன. பெயரிலே சிறுவரைச் சுட்டிய அந்நூல், அமைப்பில் அறிஞருக்குரியதாகவே இருந்தது.

இம்முரண்பாட்டை முதலிற் சுட்டியவர்களுள் ஆர்னிமும் ஒருவர். படங்கள் இல்லாமையையும் சில கதைகள் பிள்ளைகளுக்கு ஏற்றவையாக இல்லாமையையும் அவர் குறைகூறினார். யாக்கோப்புக்குக் கதை என்பது பழங்கால மொழி, சட்டம், தொன்மம் ஆகியவற்றின் எச்சம். எனவே அதிற் கைவைத்தல் தகாது. நூலை வாங்கக்கூடிய பெற்றோருக்கோ அது பிள்ளை வளர்ப்புச் சாதனம். புலமைக்கும் சந்தைக்கும் இடையிலான இப்போட்டியில் எது வெல்லும் என்பதை அடுத்து வந்த பதிப்புகள் தீர்மானித்தன.

1819இல் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. சிறுவருக்குப் பொருந்தாத தொடர்கள் யாவும் கவனமாக நீக்கப்பட்டுள்ளன என அதன் முன்னுரை அறிவித்தது. ஆராய்ச்சிக் குறிப்புகள் 1822இல் தனித் தொகுதியாகப் பிரித்து வெளியிடப்பட்டன. யாக்கோப் மொழியிலக்கண ஆராய்ச்சியில் ஆழ்ந்துவிட, பதிப்புப் பணி பெரிதும் வில்ஹெல்மின் பொறுப்பாயிற்று.

4. 1825ஆம் ஆண்டின் திருப்பம்

தொகுதியின் தலைவிதியை மாற்றிய நிகழ்ச்சி ஜேர்மனிக்கு வெளியே நிகழ்ந்தது. 1823இல் எட்கார் ரெயிலர் என்பவர் தெரிந்தெடுத்த கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இலண்டனில் வெளியிட்டார். ஜோர்ஜ் குறுக்ஷாங் அதற்கு நகைச்சுவை ததும்பும் படங்களை வரைந்தார். முதலாளித்துவம் முன்னேறியிருந்த இங்கிலாந்திலே, ஓய்வும் வருவாயும் கொண்ட மத்தியதரக் குடும்பம் ஏற்கெனவே புத்தகச் சந்தையாக உருவாகியிருந்தது. ரெயிலரின் நூல் அங்கு நன்கு விற்பனையாயிற்று. அவ்வாண்டிலேயே வில்ஹெல்ம், ஆங்கில நூலைப் போன்று படங்களுடன் கூடிய சிறியதொரு பதிப்பை வெளியிடலாம் எனத் தமது பதிப்பாளருக்கு எழுதினார்.

இதன் விளைவே 1825இல் வெளிவந்த சிறுபதிப்பு. 50 கதைகள், சகோதரருள் ஒருவராகிய லூட்விக் எமில் கிறிம் வரைந்த ஏழு படங்கள், ஆராய்ச்சிக் குறிப்பு எதுவுமில்லை. 1825 முதல் 1858 வரை சிறுபதிப்பு பத்துத் தடவை அச்சாயிற்று. பெரும்பதிப்போ 1819க்குப்பின் 18 ஆண்டுகள் மறுபதிப்புக் காணவில்லை. சிறுபதிப்பு வாசகரைத் தேடிக்கொடுத்த பின்னரே, 1837இல் மூன்றாவது பெரும்பதிப்பு வெளிவந்தது; அதனைத் தொடர்ந்து 1840, 1843, 1850, 1857 ஆகிய ஆண்டுகளிற் பெரும்பதிப்புகள் வந்தன. ஆங்கில மத்தியதர வர்க்கத்தின் சுவை ஜேர்மன் மத்தியதர வர்க்கத்துக்கு வழிகாட்ட, அவ்விரண்டும் சேர்ந்து நூலின் வடிவத்தை நிர்ணயித்தன எனலாம். உலகெங்கும் பரவியது யாக்கோப் எண்ணிய ஆய்வுநூலன்று. 1825இற் பிறந்த சிறுவர் நூலேயாகும்.

5. நீக்கப்பட்டவையும் நிலைத்தவையும்

பதிப்புகளுக்கிடையிலான மாற்றங்கள் தற்செயலானவை அல்ல. அவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒரு வர்க்கத்தின் ஒழுக்க நோக்குத் தெளிவாகப் புலப்படுகின்றது.

முதலாவது, உடல் பற்றிய பேச்சு மறைகின்றது. கோபுரத்தில் அடைபட்ட ரப்புன்ஸல், தன் உடைகள் ஏன் இறுகிவருகின்றன என 1812ஆம் ஆண்டுப் பாடத்தில் வெகுளித்தனமாகக் கேட்பாள். அவள் கருவுற்றிருப்பது அதனால் வெளிப்படும். பிற்பட்ட பாடத்தில், இளவரசனைவிட மந்திரக்காரி பாரமாக இருக்கிறாள் என அவள் வாய்தவறிச் சொல்வதாகக் கதை மாறுகின்றது.

இரண்டாவது, தாய் புனிதமாக்கப்படுகின்றாள். ஆங்கிலத்தில் ‘ஸ்நோ வைற்’ என வழங்கும் பனிமகள் கதையில் மகளைக் கொல்ல முயல்பவள் 1812இற் பெற்றதாயே. 1819இல் அவள் மாற்றாந்தாயானாள். ஹன்ஸல், கிறேற்றல் ஆகிய பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரத் தூண்டும் தாயும் 1840ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாயானாள். வறுமை காரணமாகப் பெற்றோரே பிள்ளைகளைக் கைவிட நேர்ந்த சமூக அவலம் இதனால் ஒரு தீயவளின் குணக்கேடாகச் சுருங்கிற்று. பேற்றின்போது தாய்மார் இறந்துபோவது மிகுந்திருந்த அக்காலத்தில் மாற்றாந்தாய் மெய்யாகவே பல வீடுகளில் இருந்தாள் என்பது உண்மையே. ஆயினும் இங்கு அவளைக் கொணர்ந்தது கதை சொன்னோரின் அனுபவமன்று, பதிப்பாசிரியரின் திருத்தமாகும்.

மூன்றாவது, பசி பற்றிய கதைகளின் கூர்மை மழுங்குகின்றது. பஞ்சத்தால் மனம் பேதலித்த தாயொருத்தி தன் புதல்வியரைக் கொன்று தின்ன நேருமெனக் கூறும் கதை 1815ஆம் ஆண்டுத் தொகுதியிலே இருந்தது, 1819இல் நீக்கப்பட்டது. பிள்ளைகள் மிருகம் அறுப்பதுபோல் விளையாடிக் கொலையில் முடியும் கதையும் அப்பொழுதே நீக்கப்பட்டது. எனினும் இம்மாற்றம் ஒருமுகமானதன்று. ஹன்ஸல் கதையின் இறுதிப் பாடத்தில் நாட்டிலே பெரும் விலையேற்றம் ஏற்பட்டதென்ற குறிப்பு உண்டு. 1812இல் அது இல்லை. கதையின் சமூகக் காரணம் சொல்லில் வலுப்பெற, பழி தனியொருத்தி மீது விழுவதை இங்குக் காண்கிறோம். யதார்த்தமும் அதன் மறைப்பும் ஒரே பாடத்தில் அருகருகே இருப்பது பூர்ஷ்வா இலக்கியத்திற் புதுமையன்று.

நான்காவது, தேசியப் பிரித்தெடுப்பு. காலணி அணிந்த பூனையின் கதையும் நீலத்தாடிக்காரனின் கதையும் பிரெஞ்சு மூலத்தின என்பதால் முதற்பதிப்போடு நின்றுவிட்டன. ஆயின் ஹஸன்புளுக் வீட்டிலிருந்து வந்த வேறு கதைகள் ஜேர்மன் உரிமை பெற்று நிலைத்தன.

நிலைத்தவற்றையும் நோக்க வேண்டும். கொடியோர் பெறும் குரூரமான தண்டனைகள் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டன. முட்புதரில் ஒரு யூதனை ஆடவைத்து, இறுதியில் தூக்குமரத்துக்கு அனுப்பும் கதை 1815 முதல் 1857 வரை பெரும்பதிப்பில் நீடித்தது. சிறுவருக்கெனத் தெரிந்த சிறுபதிப்பிலும் இடம்பெற்றது. கருவுற்ற பெண்ணின் கேள்வி பிள்ளைகளின் செவிக்கு ஒவ்வாதெனக் கருதிய அதே கை, சிறுபான்மையினரை இழிவுசெய்து களிக்கும் கதையை அவர்களுக்கு ஏற்றதெனக் கண்டது. நாசி ஆட்சி இத்தொகுதியைத் தன் இனவாதக் கல்விக்குப் பயன்படுத்தியபோது, இக்கதையைப் புதிதாக எழுதவேண்டிய தேவை அதற்கு இருக்கவில்லை.

6. நூலின் பின்னைய வாழ்வு

சகோதரர் இருவரையும் பிற்போக்காளர் என ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது வரலாற்று நோக்காகாது. ஹனோவர் அரசன் அரசியலமைப்பை இரத்துச் செய்தபோது, 1837இல் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டுப் பதவியிழந்த கெட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுவருள் இவர்களும் அடங்குவர். யாக்கோப் நாட்டைவிட்டும் வெளியேற்றப்பட்டார். 1848இல் பிராங்போட் தேசிய சபையிலும் அமர்ந்தார். நிலமானிய எதேச்சாதிகாரத்தை எதிர்த்த தாராளவாதமும், மக்களைத் தம் வீட்டுக் கூடத்துக்கேற்பத் திருத்திய மத்தியதர ஒழுக்கமும் ஒருவரிடத்திலேயே இணைந்திருந்தன. ஜேர்மன் மத்தியதர வர்க்கத்தின் பலமும் பலவீனமும் அவ்விணைப்பிலே உள்ளன.

இளைஞராயிருந்த ஏங்கெல்ஸ் 1839இல் ஜேர்மன் மக்கட் புத்தகங்கள் பற்றி எழுதியபோது, நாள்முழுதும் உழைத்துக் களைத்த குடியானவனுக்கும் கைவினைஞனுக்கும் அவை என்ன அளிக்கின்றன என்ற வினாவை எழுப்பினார். மலிவான மக்கட் புத்தகங்களைப் பற்றியது அவ்வினா. எனினும் கிறிம் தொகுதியிடமும் நாம் அதனைக் கேட்கலாம். 1857ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பு 200 எண்களிட்ட கதைகளையும் 10 சிறுவர் சமயக் கதைகளையும் கொண்டது. வில்ஹெல்ம் 1859இலும் யாக்கோப் 1863இலும் காலமாயினர். ஆசிரியர் இறந்து 30 ஆண்டுகள் நீடிக்கும் அக்காலப் பதிப்புரிமை 1893இல் முடிவுற்றது. அதன்பின் மலிவுப் பதிப்புகள் பெருகின. தொகுதி பாட்டாளியின் வீட்டையும் சென்றடைந்தது. ஆயின் அங்கு சென்றது மத்தியதர வர்க்கத்தின் கையாற் கழுவித் துடைக்கப்பட்ட பாடமாகும். 1937இல் அமெரிக்கத் திரைப்பட முதலாளியாகிய வோல்ற் டிஸ்னி பனிமகள் கதையைப் படமாக்கியபோது அப்பாடம் மீண்டுமொரு முறை பண்டமாயிற்று.

இதற்கு மாறானதொரு வாசிப்பையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். இத்தாலிய மார்க்சியரான கிராம்ஷி, முசோலினியின் சிறையிலிருந்து தமது குறிப்பேடுகளிற் கிறிம் கதைகள் பலவற்றை மொழிபெயர்த்தார். அவற்றைத் தம் சகோதரியின் பிள்ளைகளுக்கு அளிக்க விரும்பினார். நாட்டார் வழக்கை ஆளும் கருத்தியலுக்கு எதிராகவும் அதனோடு கலந்தும் இயங்கும் உலகநோக்காகக் கண்ட அவர், திருத்தப்பட்ட பாடத்துள்ளும் பலவீனன் பலவானை வெல்லும் நம்பிக்கை எஞ்சியிருப்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

7. முடிவுரை

பதிப்புகள் மறைத்ததை மீட்க உதவுவன, முரண்பாடாக, அச்சகோதரரே பேணிவைத்த சான்றுகள்தாம். யார் எப்பொழுது சொன்னார் என்ற ஓரக்குறிப்புகள் கொண்ட அவர்களது சொந்தப் பிரதிகள் கஸெலிற் பாதுகாக்கப்பட்டுள்ளன. 2005இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அக்குறிப்புகள் இல்லையெனில் மரி இன்றும் முதிய பணிப்பெண்ணாகவே இருந்திருப்பாள். முதற்பதிப்பின் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பு, ஜாக் சைப்ஸ் என்பவரால் 2014இலேதான், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழித்து, வெளிவந்தது. இத்தனை காலமும் ஆங்கிலவழி கிறிம் கதைகளைப் படித்தோர் படித்தது பெரும்பாலும் பிற்காலப் பாடத்தையே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு முறையியல் சார்ந்ததாகும். 1857ஆம் ஆண்டுப் பாடம் நிலமானியக் குடியானவனின் நேர்ச்சான்று அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மத்தியதரக் குடும்பம் குடியானவனை எவ்வாறு காண விரும்பியது என்பதற்கான சான்று. அவ்வகையில் அது மதிப்புடையதே. ஆயின் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், ஆளும் வர்க்கத்தின் ஒழுக்கத்தையே மக்களின் ஞானமென எழுதிவிடுவோம். தாயை மாற்றாந்தாயாக்கியது மக்களெனக் கருதி அதற்குத் தத்துவ விளக்கம் கூறியவர்களுக்கு நேர்ந்தது இதுவே.

எமது பிரதேசங்களில் நாட்டார் கதைகளைத் திரட்டும் மாணவர்க்கும் இதிற் பாடமுண்டு. சொன்னவர் பெயர், தொழில், ஊர், சொன்ன நாள் ஆகியவற்றைக் கதையோடு சேர்த்து எழுதுதல் வேண்டும். திருத்தும்பொழுது திருத்தாத பாடத்தையும் பேணுதல் வேண்டும். சொன்னவரைப் படத்தில் மட்டும் வைத்துவிட்டுப் பாடத்திலிருந்து அகற்றிய தொகுப்பு, அது எத்துணை அழகியதாயினும், உழைத்தவரின் பங்கை மறைத்த பண்டமாகவே எஞ்சும்.